கோடியக்கரைக்கு மூன்று பஸ்

ஜனவரி 6, திங்கள்

டாக்டர் சொன்னதற்காக எழுதுகிறேன். தினமும் தலைசுற்றல் வந்ததா, வந்தால் எவ்வளவு நேரம் இருந்தது என்று குறித்துக்கொண்டு போய்க் காட்ட வேண்டுமாம். மன்னார்குடியில் இத்தனை வருஷம் உரக்கடை நடத்தியவனுக்கு எழுதுவது பெரிய காரியமில்லை. எழுத வேண்டியிருக்கிறதே என்பதுதான் எரிச்சல்.

வடுவூர் ரோட்டில் நடந்தது விபத்தே இல்லை. யாருக்கும் காயமில்லை. வைக்கோல் போரை ரோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் போட்டால் எவன் ஓட்டினாலும் இடிக்கத்தான் செய்வான். இடித்ததுகூட எனக்குத் தெரியாது, பக்கத்தில் இருந்த என் பெண்டாட்டி வல்லி தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் கண்ணாடி முழுக்க வைக்கோல் இருப்பதைப் பார்த்தேன். காதுக்குள் ஏதோ கோளாறு, மருந்தில் சரியாகிவிடும் என்கிறார் டாக்டர். மார்ச் பாதி வரை காரைத் தொடக் கூடாதாம்.

இன்று தலைசுற்றல் காலையில் கொஞ்சம்.

ஜனவரி 9, வியாழன்

தலைசுற்றல் இல்லை. காரைத் துடைத்து உறை போட்டேன். மதியம் பார்த்தால் உறைமேல் வல்லி மிளகாய் காயப்போட்டிருக்கிறாள்.

ஜனவரி 16, வியாழன்

பொங்கல் முடிந்ததும் தை அமாவாசைப் பேச்சு வந்தது. வருஷா வருஷம் கோடியக்கரைக்குப் போய்க் கடலில் முழுகி அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வருவது வழக்கம். விடியுமுன் கிளம்பி, முழுகி, எள்ளும் தண்ணியும் இறைத்து, கூட்டம் கிளம்புவதற்குள் வண்டியைக் கிளப்பிவிடுவேன். இட்லிகூட ஓடுகிற காரில்தான் சாப்பிடுவோம். இந்த வருஷம் டிரைவர் வைத்துப் போகலாம் என்றாள் என் மகள், கோயம்புத்தூரிலிருந்து போனில். என் காரை இன்னொருவன் ஓட்ட நான் பக்கத்தில் உட்காருவதா? முடியாது என்றேன்.

"அப்ப பஸ்ஸுல போவோம்" என்றாள் வல்லி, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே. ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தாள் என்று குரலிலேயே தெரிந்தது. மூன்று பஸ் மாற வேண்டும் என்றேன். தெரியும் என்றாள். அங்கே சதுப்பில் பூநாரை என்று ஒரு பறவை வருகிறதாம், பேப்பரில் படம் போடுகிறார்களாம், இத்தனை தடவை கோடியக்கரை போயும் ஒரு பூநாரையை அவள் பார்த்ததில்லையாம்.

"கார் திரும்ப உங்க கைக்கு வர்றதுக்குள்ள ஒரு தடவ பாத்துடணும்ங்க. அப்புறம் நடக்காது."

ஏன் நடக்காது, நானே காரில் கூட்டிப்போய்க் காட்ட மாட்டேனா என்று கேட்டேன்.

"நீங்க எங்க நிறுத்துவீங்க?" என்று சொல்லிவிட்டுக் கீரைக் காம்பை முறத்திலிருந்து தள்ளினாள்.

அநியாயமான பேச்சு. பெட்ரோல் பங்கில் நிறுத்துகிறேன்.

ஜனவரி 29, புதன். தை அமாவாசை

இதை முழுவதும் எழுத வேண்டும். டாக்டருக்காக இல்லை, என் ஆத்திரம் தீர.

மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி வரை ஒன்றும் சொல்வதற்கில்லை. வல்லி ஜன்னலோரம் உட்கார்ந்தாள், கோட்டூர் தாண்டுமுன் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். காரில் ஒருநாளும் தூங்கியதில்லை. தலைக்குமேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தபடி வருவாள். காரின் ஏசி ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

திருத்துறைப்பூண்டி பஸ் ஸ்டாண்டில் ஊரே நின்றது. வேதாரண்யம் பஸ் உள்ளே நுழையும்போதே அதன் ஜன்னல்களில் துண்டு, பை, குடை, ஒருவர் செருப்பு எல்லாம் விழுந்தன. போட்டவன் பிறகு சாவகாசமாக ஏறிப் போய் உட்கார்கிறான். நாங்கள் ஏறுவதற்குள் எல்லா சீட்டும் போய்விட்டது. அடுத்த பஸ்ஸிலும் அதே கதை. வல்லி என்னைப் பார்த்தாள். கார் வைத்திருக்கிறவனுக்கு இந்த வித்தையெல்லாம் எதற்குத் தெரிய வேண்டும்? ஆனாலும் மூன்றாவதாக ஒரு பஸ் மெல்ல நகர்ந்து வந்ததைப் பார்த்ததும் ஓடிப்போய் ஜன்னல் வழியாக எங்கள் பையைப் போட்டேன். சரியாக சீட்டின் நடுவில் விழுந்தது. எனக்கே பெருமையாக இருந்தது.

பஸ் நிற்கவில்லை. ஏனென்றால் அது வந்த பஸ் இல்லை, புறப்பட்ட பஸ். பட்டுக்கோட்டைக்குப் போகிறது. மாற்று வேட்டி, வல்லியின் மாற்றுப் புடவை, தயிர்சாதம், என் மாத்திரை எல்லாம் பட்டுக்கோட்டைக்குப் போய்விட்டன. நான் கொஞ்ச தூரம் பின்னால் ஓடினேன். பிறகு நின்றேன். ஸ்டாண்டில் இருந்தவர்கள் நல்லவர்கள், சத்தமாகச் சிரிக்கவில்லை.

திரும்பி வந்தால் வல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். அழுகிறாள் என்று நினைத்தேன். இல்லை.

வந்த வழிக்குக் காரியத்தையாவது முடிப்போம் என்று வேதாரண்யம் வரை நின்றுகொண்டே போய், அங்கிருந்து கோடியக்கரை போனோம். முழுகினேன், தர்ப்பணம் கொடுத்தேன். மாற்றுத் துணி இல்லாமல் ஈர வேட்டியோடு காற்றில் நின்றதில் பல் கிட்டியது. சதுப்புப் பக்கம் போகலாமா என்று வல்லி கேட்கவில்லை. என் உதட்டைப் பார்த்தாள், மாத்திரை வேளையை நினைத்தாள், "பரவால்லங்க, வீட்டுக்குப் போவோம்" என்றாள். அந்தப் பரவாயில்லை எனக்குப் பிடிக்கவில்லை. திரும்பும் பஸ்ஸில் சீட் கிடைத்தும், ஈரத்தோடு உட்காரக் கூடாது என்று கண்டக்டர் என்னை நிற்க வைத்தார்.

தலைசுற்றல் இல்லை. மற்ற எல்லாம் இருந்தது.

ஜனவரி 30, வியாழன்

பை வந்துவிட்டது. நேற்றே வல்லி பஸ் ஸ்டாண்டு ஆபீசில் சொல்லி வைத்திருந்தாள். பட்டுக்கோட்டையிலிருந்து ஒரு பஸ், அதிலிருந்து இன்னொரு பஸ் என்று கண்டக்டர்கள் கைமாற்றிக் கைமாற்றி மன்னார்குடிக்கு அனுப்பிவிட்டார்கள். வேட்டி, புடவை, மாத்திரை அப்படியே இருக்கின்றன. தயிர்சாதத்தைத் திறக்கவில்லை.

பையைக் கொடுத்த கண்டக்டர் ஒன்று சொன்னார். நேற்று அந்த பஸ்ஸில் படியில் தொங்கும் அளவுக்குக் கூட்டமாம்.

"ஆனா உங்க பை இருந்த சீட்டுல பட்டுக்கோட்ட வரைக்கும் யாரும் உக்காரலைங்களே. ஆளு வருவாங்க வருவாங்கன்னு அப்படியே வுட்டுட்டாங்க."

கைக்குழந்தைக்காரிகூட நின்றுகொண்டே வந்தாளாம். தெரியாத ஒருவன் போட்ட பைக்கு இப்படி ஒரு மரியாதை. வீட்டுக்கு வந்து வல்லியிடம் சொன்னபோது மூக்கை உறிஞ்ச வேண்டியிருந்தது. பனி.

பிப்ரவரி 5, புதன்

தலைசுற்றல் இல்லை. பேப்பரில் பூநாரைப் படம். வல்லி கத்தரித்து சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறாள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

இரண்டாம் தடவை போனோம். நானே கிளம்பச் சொன்னேன் என்று இருக்கட்டும். வீட்டில் போரடித்தது.

திருத்துறைப்பூண்டியில் இம்முறை பஸ்ஸின் போர்டைப் படித்து, டிரைவரிடம் கேட்டு, பிறகுதான் துண்டைப் போட்டேன். இரண்டு சீட். பக்கத்தில் ஒரு பெரியவர் தடுமாறினார், அவருக்கும் சேர்த்து ஒரு சீட் பிடித்துக் கொடுத்தேன்.

கோடியக்கரையில் இறங்கியதும் சரணாலய வாசலில் நுழைவுச் சீட்டு வாங்கினோம். சதுப்பு உள்ளே வெகு தூரம், வண்டி கொண்டுவரவில்லையா என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்ல நாக்கு கூசியது. நடக்க ஆரம்பித்தால் வெயிலில் வல்லி பாதியில் உட்கார்ந்துவிடுவாள். வாசலுக்கு எதிரே ஜெபமாலை என்கிற அம்மாள் டீக்கடை வைத்திருக்கிறார். அவருடைய மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிள் கடை ஓரம் நின்றது. ஞாயிற்றுக்கிழமைதானே, எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். நான் அந்த அம்மாளுக்கு என் காதுக் கோளாறை விளக்கி, சைக்கிளும் ஓட்டக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தபோது வல்லி புடவையைத் தூக்கிச் செருகினாள்.

"பின்னாடி உக்காருங்க" என்றாள்.

கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷம். என் பெண்டாட்டிக்கு சைக்கிள் ஓட்டத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "எப்ப சொல்றது? நீங்க கார் கதவத் திறந்து வச்சிக்கிட்டு நிப்பீங்க" என்றாள். முதலில் இரண்டு தடவை சைக்கிள் கோணிக்கொண்டு வேலிப் பக்கம் போனது. பிறகு நேராகிவிட்டது. நான் கேரியரில், இரண்டு காலையும் ஒரு பக்கம் போட்டு, சோற்றுப் பையை மடியில் வைத்துக்கொண்டு. மன்னார்குடிக்காரன் எவனும் எதிரே வந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். வந்தது அந்தக் காட்டில் திரிகிற மட்டக்குதிரைதான். இரண்டு பெரியதும் ஒரு குட்டியும், எங்களை நின்று பார்த்தன.

வெளிமான் கூட்டம் ஒன்று ரோட்டைத் தாண்டியது. கடைசி ஆண்மான் முறுக்கிய கொம்போடு தரையிலிருந்து எகிறி எகிறிப் போனது, தேவையே இல்லாமல். வல்லி பிரேக் பிடித்து ஒரு காலை ஊன்றி நின்றுவிட்டாள். நான் "போகலாம்" என்று சொல்லவில்லை. ஓட்டுகிறவர் இஷ்டம்.

சதுப்பு ஓரத்துக்குப் போனால் பூநாரை இருந்தது. வெகு தூரத்தில், தண்ணீர் முடிகிற இடத்தில், ரோஸ் கலரில் ஒரு கோடு. அவ்வளவுதான். பொறுத்திருந்தால் கிட்டே வரும் என்று சேற்று ஓரமாக உட்கார்ந்தோம். கோடு கொஞ்சம் அகலமாகிக்கொண்டு வந்தது. அப்போது பின்னால் ஒரு கார், ஹாரனை அமுக்கியபடி. ஐந்து பேர் இறங்கினார்கள். "எங்கடா, ஒண்ணையும் காணோம்" என்றான் ஒருவன். போட்டோ எடுத்தார்கள், ஏறினார்கள், கதவை அறைந்து சாத்தினார்கள். கோடு தண்ணீரை விட்டு எழும்பி, அந்தப் பக்கம் போயே போய்விட்டது. எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கார் நம்பரைக்கூடப் பார்த்து வைத்தேன். யாரிடம் சொல்வது? ஹாரன் அடிக்காதே என்று ஒரு போர்டு வைக்கக் கூடாதா? போர்டு இருந்தது. திரும்பும்போது பார்த்தேன்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வல்லி மிதித்துக்கொண்டே, "கோடாவது பாத்தாச்சு" என்றாள். அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்ததால் முகம் தெரியவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

தலைசுற்றல் இல்லை. வல்லிக்குத்தான் இரண்டு தொடையும் பிடித்துக்கொண்டது. தைலம் தேய்த்துவிட்டேன். சமையல் நான். ரசம் நன்றாகவே இருந்தது, அவள் சொன்னதை வைத்து எடை போடக் கூடாது.

மார்ச் 4, செவ்வாய்

மகளும் பேத்தியும் வந்து பத்து நாள் இருந்துவிட்டு இன்று போனார்கள். வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. சதுப்பில் தண்ணீர் வற்றினால் பறவைகள் கிளம்பிவிடும் என்று வல்லி வாசலில் நின்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னிடம் சொல்லவில்லை.

மார்ச் 12, புதன்

டாக்டரிடம் தனியாகப் போனேன். டைரியைப் புரட்டிப் பார்த்தார். தலைசுற்றலைப் பற்றி எழுதச் சொன்னேன், மானைப் பற்றி ஏன் எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டார். பிறகு கண்ணில் விளக்கு அடித்து, தலையை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாகிவிட்டது, இன்றிலிருந்தே கார் ஓட்டலாம் என்றார்.

வல்லியிடம் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்தபோது பருப்பு புடைத்துக்கொண்டிருந்தாள். தூசி.

மார்ச் 13, வியாழன்

சொல்ல நேரம் கிடைக்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி

இன்றும் கிடைக்கவில்லை. காலையில் அவள் கோயிலுக்குப் போனபோது காரின் உறையை எடுத்து, உள்ளே உட்கார்ந்து, கிளப்பிப் பார்த்தேன். முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. நல்ல வண்டி. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு அணைத்துவிட்டு உறையைப் போட்டுவிட்டேன். மிளகாய்த் தட்டையும் இருந்த இடத்திலேயே வைத்தேன்.

சாயங்காலம், நாளை சனிக்கிழமை கோடியக்கரை போவோமா என்று கேட்டேன். "எதுல?" என்றாள். "எதுல போவோம், பஸ்ஸுலதான்" என்றேன். சரி என்று புளி ஊறவைக்கப் போய்விட்டாள்.

மார்ச் 15, சனி

மூன்று பஸ்ஸும் அமைந்தது. அது ஒன்றுதான் அமைந்தது என்று மதியம் வரை நினைத்தேன்.

ஜெபமாலை அம்மாள் எங்களைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார். உள்ளே தண்ணீர் வற்றிப் பாளம் பாளமாக வெடித்துவிட்டதாம், ஒரு வாரமாகப் பூநாரையே கண்ணில் படவில்லையாம். வல்லி கேட்டுக்கொண்டாள். சைக்கிளை எடுக்கவில்லை. கடை பெஞ்சில் உட்கார்ந்து புளிசாதத்தைப் பிரித்தோம். அவள் எனக்கு எடுத்து வைத்தாள், தனக்கும் எடுத்துக்கொண்டு சாப்பிட்டாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. பிப்ரவரியிலேயே இன்னும் இரண்டு தடவை வந்திருக்கலாம். அதற்கு முந்தைய வருஷங்கள் எத்தனை. அவளைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

திரும்ப வரவேண்டிய பஸ்ஸும் வரவில்லை. பழுதாம். அந்த வழியாக வந்த ஒரு வேன்காரர், உப்பளத்துக்குப் பிரிகிற விலக்கு வரை விடுகிறேன், அங்கே நின்றால் ஏதாவது பஸ் வரும் என்று ஏற்றிக்கொண்டார். எங்களை இறக்கிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார்.

இரண்டு பக்கமும் உப்பளம். அம்பாரம் அம்பாரமாக உப்பு, கீற்று போட்டு மூடியது. ரோட்டுக்குக் கீழேயே ஒரு பெரிய தேக்கம், உப்புப் பாத்திகளுக்கு விடுவதற்காகக் கடல் தண்ணீரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு கருவேல மரம். அதன் நிழலில் நின்றோம். நிழல் நீண்டுகொண்டு போனது, நாங்களும் அதோடு நகர்ந்தோம். வேதாரண்யம் பக்கம் கார்கள் சர் சர்ரென்று போயின. அதில் ஒன்று என் வண்டி போலவே வெள்ளை. ஓட்டினவன் ரோட்டைத் தவிர எதையும் பார்க்கவில்லை, பக்கத்தில் இருந்த அம்மாள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பஸ் மட்டும் வரவில்லை. எனக்கு உள்ளுக்குள் முணுமுணுப்பு ஆரம்பித்தபோது வல்லி என் முழங்கையைப் பிடித்தாள்.

முதலில் சத்தம்தான் வந்தது, வாத்துக் கூட்டம் வருவதுபோல. அப்புறம் தலைக்குமேலே நீட்டிய கழுத்தும் நீட்டிய காலுமாக ஒரு வரிசை, அதன் பின்னால் இன்னொரு வரிசை. தேக்கத்தைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தன. இறங்கும்போது இறக்கையை விரித்தன. தூரத்தில் வெளுத்த ரோஸாகத் தெரிந்த பறவை, விரித்த இறக்கைக்குள் அப்படி ஒரு சிவப்பு வைத்திருக்கிறது, ஓரத்தில் கறுப்பு. தண்ணீர்மேல் நாலு எட்டு ஓடி நின்றன. ஓடி ஓடி நின்றுகொண்டே இருந்தன. தேக்கம் நிரம்பிவிட்டது.

"உள்ளாற மறைச்சு வச்சிருக்குங்க" என்றாள் வல்லி, குரலே இல்லாமல்.

கிட்டேயே வந்துவிட்டன. எங்களை மரத்தோடு சேர்த்துக் கணக்குப் பண்ணிவிட்டன போலிருக்கிறது. தலையைத் தண்ணீருக்குள் கவிழ்த்து, மூக்கைத் தலைகீழாக வைத்து, ஒரே இடத்தில் காலை மாற்றி மாற்றி மிதிக்கின்றன, சேற்றைக் கலக்க. அதைப் பார்த்து வல்லிக்குச் சிரிப்பு வந்தது. சாம்பல் நிறத்தில் குஞ்சு கொஞ்சம் பெரிதானதுபோல் சில, அவையும் மிதித்துப் பார்த்தன, சரியாக வரவில்லை. வல்லியின் கண்ணில் தண்ணீர் நின்றது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது. அவளை நான் இவ்வளவு நேரம் பார்த்து எத்தனையோ வருஷமாகிறது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

அப்போதுதான் பஸ் வந்தது. காலி பஸ், ஜன்னலோர சீட்டே நிறைய இருந்தது. எங்களைப் பார்த்ததும் டிரைவர் வேகத்தைக் குறைத்தார், கண்டக்டர் படியில் இறங்கி நின்று விசிலை வாயில் வைத்தார். நான் அதற்குள் ரோட்டு ஓரத்துக்கு ஓடி இரண்டு கையையும் ஆட்டினேன், ஊதாதே, போ, போ என்று. அவர் என்னைப் பார்த்தார், தேக்கத்தைப் பார்த்தார், விசிலை எடுத்துவிட்டார். பஸ் சத்தமில்லாமல் எங்களைத் தாண்டிப் போய்விட்டது.

திரும்பி வந்து வல்லி பக்கத்தில் நின்றேன். அவள் பறவைகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அடுத்த பஸ் எப்பன்னு தெரியுமாங்க?"

"தெரியாது."

பிறகு அதே குரலில், "டாக்டர்கிட்டேருந்து அந்த நர்ஸுப் பொண்ணு புதன்கிழமையே போன் பண்ணிச்சு. மாத்திரைய நிறுத்திடலாமாம், நீங்க கார எடுக்கலாமாம்" என்றாள்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. அப்படியானால் புதன்கிழமையிலிருந்து இவளுக்கும் தெரியும். வியாழக்கிழமை நான் சொல்லாததும் தெரியும், வெள்ளிக்கிழமை சொல்லாததும் தெரியும். எதில் போகிறோம் என்று கேட்டாளே, தெரிந்துகொண்டே கேட்டிருக்கிறாள். பதில் ஏதாவது சொல்லியாக வேண்டும். உப்பளத்தையும் ரோட்டையும் பார்த்தேன்.

"இந்த எடத்துல காரக் கொண்டாந்து எங்க நிறுத்துறது?" என்றேன்.

வல்லி என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முந்தானையால் வாயைப் பொத்தவில்லை. வெயில் தாழும்வரை அங்கேயே நின்றோம். நடுவில் இன்னொரு பஸ்ஸும் போயிற்று.